முதல் கேமராவும் வியூஃபைண்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் வியூஃபைண்டர் (கண் வைத்துக் காட்சியைப் பார்க்கும் இடம்) பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே உள்ளன. விலை குறைந்த, தொடக்க நிலைக் கேமராக்களை மட்டுமே மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். லட்சக்கணக்கில் விலை போகும் கேமராக்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

ஆப்டிக்கல், எலக்ட்ரானிக்: இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

ஆப்டிக்கல் என்றால் டிஎஸ்எல்ஆர் கேமராவில் இருப்பது. லென்ஸ் வழியே வரும் ஒளி, உள்ளே 45 டிகிரி சாய்வாக நிற்கும் மிரர் என்ற கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்கே ஃபோகஸிங் ஸ்கிரீன் என்ற மங்கலான தகட்டில் படமாக விழுகிறது. அதற்கு மேலே உள்ள ஐங்கோண அமைப்பு அந்தப் படத்தை நேராக்கி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி எழும்பி வழிவிடும், படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு ஒளி போகும், அந்த நேரம் உங்களுக்கு எதுவும் தெரியாது. டிஎஸ்எல்ஆரின் 'டக்' சத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடி எழும்பி இறங்குவதுதான்.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சென்சார் மீது ஒளி எப்போதும் விழுகிறது. சென்சார் பார்ப்பதைக் கேமராவின் கணினி படமாக்கி, கண் வைக்கும் இடத்தில் உள்ள மிகச் சிறிய திரையில் காட்டுகிறது. அந்தத் திரையை ஒரு பெருக்கும் லென்ஸ் வழியாகப் பார்க்கிறீர்கள். 2008-ல் வந்த பானசோனிக் ஜி1, லென்ஸ் மாற்றக்கூடிய முதல் மிரர்லெஸ் கேமரா. அதிலேயே எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் இருந்தது.

ஆப்டிக்கலில் பார்ப்பதுதான் உண்மையான காட்சி, அதற்கு ஈடில்லை என்கிறார்களே?

நல்ல ஆப்டிக்கல் வியூஃபைண்டரில் கண் வைத்தவர்கள் அப்படிச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் புகழைச் சம்பாதித்தவை முழு ஃபிரேம் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராக்களும், கேனான் 90டி, நிக்கான் டி7500 போன்ற நடுத்தர விலைக் கேமராக்களும். அவற்றில் மேலே இருப்பது கெட்டியான கண்ணாடிக் கட்டி, அதாவது பென்டாபிரிசம். எடுக்கப்போகும் படம் 100 சதவீதமும் அதில் தெரியும்.

கேனான் 1500டி, 3000டி, 200டி, நிக்கான் டி3500, டி5600 போன்ற தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர்களில் எடையையும் விலையையும் குறைக்க பென்டாமிரர் வைத்தார்கள். நடுவே வெற்றிடம் விட்டு, உள்பக்கம் கண்ணாடித் தகடுகள் ஒட்டிய கூடு அது. ஒளி ஒவ்வொரு தகட்டிலும் கொஞ்சம் இழக்கப்படும். காட்சி சற்று மங்கலாகவும் சிறியதாகவும் தெரியும். 1500டி-யில் கண் வைத்துப் பாருங்கள், கிணற்றடியில் ஒரு படம் கிடப்பது போல இருக்கும்.

அதோடு இந்தக் கேமராக்கள் காட்டுவது 95 சதவீதம்தான். கேட்கும்போது பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால் நீளத்தில் 95, அகலத்தில் 95 என்பதால் பரப்பளவில் சுமார் 90 சதவீதம்தான் தெரிகிறது. மீதிப் பத்தில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்குப் படாமலே படத்தில் வந்துவிடும். ஓரத்தில் கரண்டுக் கம்பம், பக்கத்தில் நிற்பவரின் முழங்கை, தரையில் பிளாஸ்டிக் பை எல்லாம் அப்படி நுழைபவைதான். எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் சென்சார் பார்ப்பது அப்படியே தெரிவதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே விலை குறைந்த கேமராவைப் பொறுத்தவரை, 'ஆப்டிக்கல்தான் உசத்தி' என்ற பேச்சு வேறொரு கேமராவைப் பற்றியது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பென்டாக்ஸ் மட்டும் இதற்கு விலக்கு. கே-70 போன்ற விலை குறைந்த கேமராவிலும் கண்ணாடிப் பிரிசத்தையும் 100 சதவீதக் காட்சியையும் கொடுத்தார்கள்.

1500டி-யில் வியூஃபைண்டர் பெருக்கம் 0.80 மடங்கு, கேனானின் மிரர்லெஸ் ஆர்50-ல் 0.59 மடங்கு என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 1500டி-யின் வியூஃபைண்டர்தானே பெரியது?

இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிஎஸ்எல்ஆர் விவரப் பட்டியலில் உள்ள எண், அந்தக் கேமராவில் 50 மிமீ லென்ஸ் மாட்டிக் கணக்கிட்டது. சிறிய சென்சாரில் அதே 50 மிமீ லென்ஸ் காட்சியை நெருக்கமாகக் காட்டும் என்பதால் எண் பெரிதாக வந்துவிடுகிறது. சரியாக ஒப்பிட அதைச் சென்சாரின் கிராப் எண்ணால் (முழு ஃபிரேமைவிடச் சென்சார் எத்தனை மடங்கு சிறியது என்ற எண்) வகுக்க வேண்டும். கேனானுக்கு 1.6, நிக்கான், சோனி, ஃபியூஜிக்கு 1.5.

1500டி-யின் 0.80-ஐ 1.6-ஆல் வகுத்தால் 0.50 வரும். டி3500-ன் 0.85-ஐ 1.5-ஆல் வகுத்தால் சுமார் 0.57. ஆர்50-ன் 0.59 ஏற்கெனவே வகுத்துச் சொன்ன எண். வகுக்காமல் சொன்னால் அது 0.95. நிக்கான் இசட்50-க்கு 0.68, சோனி ஏ6400-க்கு 0.70.

0.50-க்கும் 0.70-க்கும் உள்ள வேறுபாடு பரப்பளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஆர்50-ஐயும் டி3500-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் 'எலக்ட்ரானிக் என்றால் பெரிது' என்றும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் திரை 23.6 லட்சம் டாட் என்றால் 23.6 லட்சம் பிக்சலா?

மூன்றால் வகுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிப் புள்ளியாக எண்ணுகிறார்கள். 23.6 லட்சம் டாட் திரை என்பது உண்மையில் 1024-க்கு 768 பிக்சல். பழைய சோனி ஏ6000-லும், 2019-ல் வந்த ஏ6100-லும் உள்ள 14.4 லட்சம் டாட் என்பது 800-க்கு 600. தொடக்க நிலைக்கு 23.6 லட்சம் போதும். 14.4 லட்சத்தில் இலை, தலைமுடி போன்ற நுண்ணிய இடங்களில் சொரசொரப்பு கண்ணில் படும். படம் எடுக்க முடியாத அளவுக்கு மோசம் ஒன்றுமில்லை.

புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு எது உதவும்?

எக்ஸ்போஷர், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிகிறது என்பதைக் கற்றுக்கொள்ள எலக்ட்ரானிக். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் படம் எடுக்கிறீர்கள். பின்னால் வெளிச்சம். ஆப்டிக்கலில் பாட்டியின் முகம் உங்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். எடுத்த பிறகு பின்திரையில் பார்த்தால் முகம் கரியாக இருக்கும். பிறகு எக்ஸ்போஷரைக் கூட்டி மறுபடி எடுக்க வேண்டும். எலக்ட்ரானிக்கில் எடுப்பதற்கு முன்பே முகம் கறுத்துத் தெரியும். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப முகம் வெளுத்து வருவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஜன்னலுக்கு வெளியே உள்ள வானம் அதோடு சேர்ந்து வெளிறிப் போவதும் தெரியும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்கிறீர்கள். விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் அப்படித்தான். கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் உலகத்தையே கறுப்பு வெள்ளையாகப் பார்த்துக்கொண்டு எடுக்கலாம். சட்டகம் கட்டப் பழகுபவர்களுக்கு இது அருமையான பயிற்சி.

ஒரு எச்சரிக்கை. வியூஃபைண்டர் திரையின் வெளிச்சம் தானாகக் கூடிக் குறையும்படி வைத்திருந்தால், எக்ஸ்போஷரைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். உச்சி வெயிலில் நின்றுவிட்டுக் கண் வைத்தால் சரியான படமும் இருட்டாகத் தெரியும். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திரையின் மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்டிக்கலில் எடுக்கும் முன் ஹிஸ்டோகிராம் பார்க்க வழியே இல்லை.

இருட்டில்?

இரண்டுமே திணறும், வெவ்வேறு விதமாக. விலை குறைந்த ஆப்டிக்கலில் காட்சி இருட்டாகவே இருக்கும். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் எஃப் 5.6 முனையில் (எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சிறிதாகும்) ஃபோகஸ் சரியா தவறா என்று கண்ணால் சொல்வது கடினம். எலக்ட்ரானிக் காட்சியை வெளிச்சமாக்கித் தரும், கூடவே பொரிபொரியாக இரைச்சலும், காட்சி இழுத்துக்கொண்டு நகரும் தாமதமும் வரும். சென்சார் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியைச் சேர்ப்பதால் அப்படி. ஆனால் எலக்ட்ரானிக்கில் நடுப்பகுதியை ஐந்து பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்கலாம். நட்சத்திரங்களைப் படம் எடுப்பவர்கள் டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தாலும் லைவ் வியூவில், பின்திரையில்தான் ஃபோகஸ் செய்கிறார்கள்.

வியூஃபைண்டரே இல்லாத கேமரா விலை குறைவாகக் கிடைக்கிறதே?

சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30, கேனான் எம்200, ஃபியூஜி எக்ஸ்-எம்5 எல்லாம் அந்த வகை. வீடியோதான் முதன்மை வேலை என்றால் வாங்கலாம். புகைப்படம்தான் ஆசை என்றால் வேண்டாம் என்பேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரையில் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியும். போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டிருந்தால் சில கோணங்களில் திரை முழுக்கக் கறுத்துவிடும். அதோடு கேமராவை முகத்தில் அழுத்திப் பிடிக்கும்போது கிடைக்கும் உறுதி, கையை நீட்டிப் பிடிக்கும்போது கிடைக்காது. கிட்டத்தட்ட அதே காசில் வியூஃபைண்டரோடு கேனான் ஆர்100 கிடைத்தால் யோசியுங்கள். அதில் பின்திரை திரும்பாது, தொடுதிரையும் இல்லை. வீடியோ எடுப்பவருக்கு அது எரிச்சல், வியூஃபைண்டரில் எடுப்பவருக்குப் பெரிதாக உறைக்காது.

பறவை, கிரிக்கெட், ஓடி விளையாடும் குழந்தை: இவற்றுக்கு ஆப்டிக்கல்தானே?

ஆப்டிக்கலில் தாமதம் என்பதே இல்லை, ஒளி நேராக வருகிறது. எலக்ட்ரானிக்கில் கண்ணுக்குத் தெரியாத அளவு தாமதம் உண்டு. தனி ஒரு படத்துக்கு அது பொருட்டில்லை. தொடர்ந்து படம் எடுக்கும்போதுதான் சிக்கல். விலை குறைந்த மிரர்லெஸ் பலவற்றில், பட்டனை அழுத்திப் பிடித்தால் நேரடிக் காட்சிக்குப் பதில் சற்றுமுன் எடுத்த படங்கள் வரிசையாக ஓடும். வளைந்து பறக்கும் பறவை அதற்குள் சட்டகத்தை விட்டுப் போயிருக்கும்.

அதே சமயம் டிஎஸ்எல்ஆரிலும் ஒவ்வொரு படத்துக்கும் காட்சி இருண்டு திரும்புகிறது. 1500டி நொடிக்கு 3 படம்தான் எடுக்கும், அதில் ஃபோகஸ் புள்ளிகள் மொத்தம் 9. ஆர்50 நொடிக்கு 12 படம் எடுத்து, பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடரும். வியூஃபைண்டரில் பின்தங்கியும் கையில் நல்ல படம் அதிகம் சிக்குவது பெரும்பாலும் மிரர்லெஸில்தான். மணிக்கணக்கில் கூட்டைப் பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் ஆப்டிக்கலில் ஒரு நிம்மதி உண்டு. கேமரா அணைந்திருந்தாலும் காட்சி தெரியும், பேட்டரி தீராது.

பேட்டரி அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம், இதில் ஆப்டிக்கலை எதுவும் நெருங்க முடியாது. சிஐபிஏ என்ற ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்க அளவுமுறைப்படி நிக்கான் டி3500 ஒரு சார்ஜில் 1550 படம். சோனி ஏ6400 வியூஃபைண்டரில் 360, பின்திரையில் 410. எல்லா டிஎஸ்எல்ஆரும் டி3500 ஆகிவிடாது. 1500டி-க்குக் கணக்கு 500-தான், லைவ் வியூவுக்குப் போனால் அதுவும் ஏறக்குறைய பாதியாகிவிடும். மிரர்லெஸ் வாங்கும்போது இரண்டாவது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கண் வைக்கும் இடத்தின் ஓரத்தில் ஒரு குட்டிச் சக்கரமோ தள்ளுகட்டையோ இருக்கும். அது டயாப்டர். பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். 1500டி-யில் கழித்தல் 2.5 முதல் கூட்டல் 0.5 வரை, டி3500-ல் கழித்தல் 1.7 முதல் கூட்டல் 0.5 வரை. அதற்கு மேல் பவர் உள்ளவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். கேனான் 3000டி-யில் அந்தச் சக்கரமே கிடையாது. பவர் உள்ளவருக்கு அதை மட்டும் யாராவது பரிந்துரைத்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

கண்ணாடியோடு பார்ப்பவருக்கு ஐபாயின்ட் என்ற எண் முக்கியம். கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தும் முழுக் காட்சியும் தெரியும் என்பதன் அளவு அது. 1500டி-யில் 21 மிமீ, டி3500-ல் 18 மிமீ. இரண்டு மூன்று மிமீ-தானே என்று தோன்றும். கண்ணாடி போட்டவருக்கு மூலைகள் தெரிவதும் தெரியாமல் போவதும் அதில்தான் இருக்கிறது.

50 மிமீ எஃப் 1.8 வாங்கினேன். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் பின்புலம் அவ்வளவாக மங்கவில்லை, படத்தில் மட்டும் நன்றாக மங்குகிறது. ஏன்?

லென்ஸில் குறையில்லை. இன்றைய ஃபோகஸிங் ஸ்கிரீன்கள் கிட் லென்ஸிலும் வெளிச்சமாகத் தெரியும்படி செய்யப்பட்டவை. அதற்கு விலையாக, எஃப் 2.8-க்கும் அகலமான துளையின் மங்கலை அவற்றால் காட்ட முடியாது. நீங்கள் பார்ப்பது சுமார் எஃப் 2.8-ன் காட்சி, படம் பதிவது எஃப் 1.8-ல். இதே காரணத்தால் கையால் ஃபோகஸ் செய்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது படத்தில் தவறியிருக்கும். பழைய மேனுவல் லென்ஸ்களை அடாப்டர் போட்டுப் பயன்படுத்தும் ஆசை இருந்தால் எலக்ட்ரானிக்தான் ஒரே நல்ல வழி. ஃபோகஸ் ஆன விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங் வசதியும் அதில் உண்டு.

மிரர்லெஸில் ஃப்ளாஷ் மாட்டி மேனுவல் மோடில் வைத்தால் வியூஃபைண்டர் கறுப்பாகிவிடுகிறது. பழுதா?

இல்லை. அறை வெளிச்சத்துக்கு 1/125, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்றால் படம் இருட்டுதான், அதையே காட்டுகிறது. ஃப்ளாஷ் அடிக்கப்போவது அதற்குத் தெரியாது. மெனுவில், எடுக்கப்போகும் வெளிச்சத்தையே திரையில் காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணையுங்கள். சோனியில் லைவ் வியூ டிஸ்பிளே என்ற இடத்தில் இருக்கும்.

கல்யாண மண்டபத்தில் வியூஃபைண்டரில் கோடு கோடாக ஓடுகிறதே?

எல்இடி விளக்குகளின் துடிப்பு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50-க்கு இறக்கிப் பாருங்கள், எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் அதை அணையுங்கள். ஆப்டிக்கலில் இந்தக் கோடுகள் தெரியாது. தெரியாததாலேயே வீட்டுக்கு வந்து படத்தில் பார்த்து அதிர்ச்சியடைய நேரும்.

கண் வலிக்குமா?

சிலருக்கு. காட்சி இழுபடும்போது தலைசுற்றல் வருபவர்களும் உண்டு. கேமராவில் திரையின் வேகத்தை நொடிக்கு 120 ஆக்கும் அமைப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள், பேட்டரி கொஞ்சம் வேகமாகக் கரையும். கடையில் சில நிமிடமாவது தொடர்ந்து கண் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சூரியனை வியூஃபைண்டரில் பார்க்கலாமா?

ஆப்டிக்கலில் கூடவே கூடாது. தொலைவில் உள்ளதை நெருக்கமாகக் காட்டும் டெலி லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்து நேரே கண்ணுக்கு அனுப்பும், பார்வை போகும். எலக்ட்ரானிக்கில் கண் பிழைக்கும், சென்சாரும் ஷட்டரும் கருகலாம். கிரகணம் எடுப்பதென்றால் எந்தக் கேமராவானாலும் லென்ஸின் முன்னால் சூரிய ஃபில்டர் கட்டாயம்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று: எலக்ட்ரானிக் வியூஃபைண்டரின் கண் வைக்கும் பக்கத்தை வெயிலைப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே உள்ள பெருக்கும் லென்ஸ் வெயிலைக் குவித்துக் குட்டித் திரையைச் சுட்டுவிடும். கார் டேஷ்போர்டு, கடற்கரை மணல், மொட்டைமாடிச் சுவர் எல்லாம் இந்த ஆபத்து உள்ள இடங்கள்.

பெரிய ஜூம் உள்ள, லென்ஸ் மாற்ற முடியாத பிரிட்ஜ் கேமராக்களில்?

எல்லாம் எலக்ட்ரானிக்தான். எலக்ட்ரானிக் வியூஃபைண்டருக்கு வந்த பழைய கெட்ட பெயரில் பெரும்பங்கு 2000-களின் பிரிட்ஜ் கேமராக்கள் சம்பாதித்துக் கொடுத்தது. நிக்கான் பி900-ல் 9.2 லட்சம் டாட், பி950, பி1000-ல் 23.6 லட்சம். பறவை பார்ப்பவர்கள் பி900-ஐப் பழையதாக வாங்கும் முன் இந்த வேறுபாட்டை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

இன்றைக்கு டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா?

கேனான், நிக்கான் இரண்டும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. எனவே இது பெரும்பாலும் பழைய கேமரா வாங்குவது பற்றிய கேள்வி. காசு மிகக் குறைவு, படம் மட்டும்தான் எடுப்பேன் என்பவருக்கு நன்றாக வைத்திருந்த டி3500 இன்னும் நல்ல கேமராதான். வீடியோவும் வேண்டும் என்றால் வேண்டாம். வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலேயே நின்றுவிடும், ஆப்டிக்கல் வியூஃபைண்டரில் இருட்டுதான். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால், புதிய 1500டி-க்குப் பதில் பழைய டி7500 அல்லது 90டி பாருங்கள். ஆப்டிக்கல் பற்றி ஏன் அவ்வளவு பேசுகிறார்கள் என்று அப்போதுதான் புரியும்.

பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கினேன். வியூஃபைண்டரில் கறுப்புப் புள்ளிகள், படத்தில் இல்லை. என்ன செய்ய?

ஃபோகஸிங் ஸ்கிரீனில் தூசு. படத்தை ஒன்றும் செய்யாது. லென்ஸைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக் கைப்பம்பால் ஊதிப் பாருங்கள். போகவில்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். துணியோ இயர்பட்ஸோ வைத்துத் துடைத்தால் அந்தத் தகட்டில் விழும் கீறல் போகவே போகாது.